கண்ணாடியின் வெளிமுகம்: திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில் பறவை மோதலை நிறுத்திய விதம்

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு விளையில் கட்டிய மாடி வீடு. குடிபுகுந்த முதல் ஐப்பசியிலேயே மாடிப்படிக் கண்ணாடியில் பறவைகள் அடித்து விழத் தொடங்கின. வீட்டார் சும்மா இருக்கவில்லை. இரண்டு முறை ஃபிலிம் வாங்கி ஒட்டினார்கள். முதல் ஃபிலிமுக்குப் பிறகு மோதல் கூடியது, இரண்டாவதால் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் முறை ஒட்டியது ரேடியம் ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும் வெள்ளை வினைல். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான். அதற்குப் பிறகு வந்த பருவத்தில் அந்தக் கண்ணாடியில் பறவை மோதிய புதிய தடம் எதுவும் விழவில்லை. முதல் இரண்டு ஃபிலிம்களும் ஏன் பயன்படவில்லை, மூன்றாவது ஏன் பயன்பட்டது, எப்படி ஒட்டினார்கள், ஒட்டும்போது என்னென்ன கெட்டது என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

வீடும் கண்ணாடிகளும்

மாடிப்படித் திருப்பத்தில் கிழக்கு பார்த்து ஒரே பலகையாகப் பதித்த திறக்காத கண்ணாடி ஒன்று இருக்கிறது. 180 செ.மீ. அகலம், 120 செ.மீ. உயரம், 5 மி.மீ. தடிப்பு, நீல நிற ரிஃப்ளெக்டிவ். மாடியில் மேற்குப் படுக்கையறைக்கு அயனி மரச் சட்டத்தில் வெளிப்பக்கமாகத் திறக்கும் நான்கு கண்ணாடிக் கதவுகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி 45 × 105 செ.மீ. முன்னறையின் மூலையில் 90 × 120 செ.மீ. அளவில் இரண்டு ஜன்னல்கள் ஒன்றோடொன்று செங்கோணமாகச் சேர்கின்றன. ஒன்றின் வழியே பார்த்தால் மற்றதைத் தாண்டி மட்டி வாழை தெரியும். சமையலறைக்கு யுபிவிசி ஸ்லைடிங், அதற்கு வெளியே இரும்புக் கிரில்.

மாடிப்படிக் கண்ணாடிக்கு எதிரே சில மீட்டர் தூரத்தில் ஒரு அயனியும் ஒரு நாவலும் நிற்கின்றன. அதற்கப்பால் ரப்பர். குமரியின் மேற்குப் பகுதி வீடுகளுக்கு இது சாதாரணச் சுற்றுப்புறம். பழமரம், நிழல், பக்கத்திலேயே ஆளுயரப் பளபளப்பு என்று மோதலுக்கு வேண்டிய மூன்றும் இங்கே சேர்ந்திருக்கின்றன.

எந்தப் பறவை என்பதைக் கண்ணாடியே காட்டிக் கொடுத்தது. காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், வெண்சாம்பல் பூசியதுபோல ஒரு தடம் தெரிந்தது. இரண்டு இறக்கைகளும் விரிந்த நிலையில், நுனி இறகுகள் தனித்தனியாக எண்ணும்படி, நடுவில் மார்பு பட்ட உருண்டை, அதன் மேல் அலகு கீறிய சிறு கோடு. புறா இனங்களின் இறகில் மாவு போன்ற பொடி நிறைய உண்டு. மோதிய வேகத்தில் அது அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கீழே கிடந்த இறகு பச்சை. மரகதப் புறா, தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. நிழலுக்குள் தாழ்வாகவும் நேர்கோட்டிலும் மிக வேகமாகவும் பறப்பது அதன் இயல்பு. சிங்கப்பூரிலும் கண்ணாடி மோதலில் அதிகம் சிக்கும் பறவைகளில் இது ஒன்று. இன்னொரு விருந்தாளி ஆறுமணிக் குருவி. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுப் பருவமழை முடியும் தறுவாயில் இரவோடிரவாகத் தெற்கே வரும் பறவை அது. களைத்து இறங்கும் வைகறையில் விளக்கு எரியும் ஜன்னலும் பளபளக்கும் கண்ணாடியும் அதற்குப் பொறி.

சாதாரணக் கண்ணாடி நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அறைக்குள் இருட்டும் வெளியே வெளிச்சமும் இருந்தால் அந்த 8 சதவீதமே மரத்தையும் வானத்தையும் தெளிவாகக் காட்டிவிடும். ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு திருப்பும். பறவைக்கு அங்கே கண்ணாடி என்று ஒரு பொருள் இல்லை, இன்னொரு அயனி மரம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் வரை கட்டடக் கண்ணாடிகளில் மோதிச் சாகின்றன என்று 2014இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய 44 சதவீதம் ஒன்று முதல் மூன்று மாடி வரையிலான வீடுகளில் நடப்பவை. வானளாவிய கட்டடங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் இதை மாநகரத்துப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

முதல் இரண்டு ஃபிலிம்கள்

முதலில் ஒட்டியது சன் கண்ட்ரோல் ஃபிலிம். மேற்கு அறையின் வெக்கைக்காக வாங்கியதில் மிச்சமிருந்ததை மாடிப்படிக் கண்ணாடிக்கும் ஒட்டிவிட்டார்கள். வெள்ளிப் பூச்சுள்ள அந்த வகை, வெப்பத்தைத் தடுப்பதே ஒளியைத் திருப்பி அனுப்பித்தான். வெக்கை குறைந்தது, கண்ணாடியின் கண்ணாடித்தனம் கூடியது. அதுவரை மோதலே இல்லாத மேற்குக் கதவுகளிலும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பறவைக்காக ஃபிலிம் வாங்கப் போகிறவர்கள் வெள்ளி, நீலம், பச்சை என்று எந்த நிறத்திலும் பளபளக்கும் ஃபிலிமைத் தொடவே கூடாது.

அடுத்து, சன் கண்ட்ரோலை உரித்துவிட்டு இலைக்கொடி போட்ட ஃப்ராஸ்டட் அலங்கார ஃபிலிம் ஒட்டப்பட்டது. உள்ளிருந்து பார்க்க அழகாக இருந்தது. வெளியில் நின்று பார்த்தபோது காலை எட்டு மணிக்கு இலையும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை; நாவல் மரம் மட்டும் தெரிந்தது. ஃபிலிம் ஒட்டப்பட்டது உள்முகத்தில். பிம்பம் உருவாவதோ முதலில் வெளிமுகத்தில். ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியில் உள்முகத்தில் இருக்கும் எதுவும் அந்தப் பிம்பத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். வெளியில் ஒட்டலாமா என்று கேட்டபோது ஒட்ட வந்தவர், "வெளிய ஒட்டுனா மழைக்கு நிக்காது அண்ணே" என்று சொல்லியிருக்கிறார். அவர் கையில் இருந்த ஃபிலிமுக்கு அது உண்மைதான். உள்ளலங்காரத்துக்கென்று வரும் ஃபிலிமின் பசை நம் ஊரின் இரண்டு மழைக்காலத்தைத் தாங்காது. வெளியில் ஒட்டக்கூடிய வினைலைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இடையில் யாரோ சொல்லி ஒரு பருந்து ஸ்டிக்கரும் ஒட்டப்பட்டது. அசையாத பருந்தைப் பறவைகள் ஒரு தடை என்று மட்டும் பார்த்து, அதற்குப் பக்கத்தில் ஒரு அடி தள்ளிப் பறந்து மோதும். ஸ்டிக்கரின் உருவம் எதுவானாலும் இதே கதிதான். பறவைக்கு முக்கியம் படம் அல்ல, படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி.

இடைவெளிக் கணக்கு

1970களிலிருந்து இதையே ஆராய்ந்துவரும் அமெரிக்கப் பறவையியலாளர் டேனியல் கிளெம் கண்ட விதி எளிமையானது. தான் நுழைய முடியாத அளவுக்கு இடைவெளி சிறியதாகத் தெரிந்தால் பறவை திரும்பிவிடும். நிலைக்கோடுகள் என்றால் 10 செ.மீ., கிடைக்கோடுகள் என்றால் 5 செ.மீ. என்பது பழைய அளவு. மிகச் சிறிய பறவைகளுக்காக இப்போது எல்லாத் திசையிலும் 5 செ.மீ. என்று கொள்கிறார்கள். தேன்சிட்டும் தையல்சிட்டும் உள்ள நம் ஊருக்கு 5 செ.மீ.தான் சரி. கோட்டின் அகலம் குறைந்தது 3 மி.மீ., புள்ளியின் விட்டம் குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும். 6 மி.மீ. கோடும் 10 மி.மீ. புள்ளியும் வைத்தால் நிம்மதி.

மாடிப்படிக் கண்ணாடிக்கு நிலைக்கோடு முடிவானது. ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. விட்டு முதல் கோடு, அதற்குப் பின் 5 செ.மீ.க்கு ஒன்று, 180 செ.மீ. அகலத்துக்கு 36 கோடுகள். மேற்குக் கதவு ஒன்றுக்கு 9, நான்குக்கும் சேர்த்து இன்னொரு 36. ஆக 72 கோடுகள், ஒவ்வொன்றும் 6 மி.மீ. இடைவெளி விடாமல் அடுத்தடுத்து வெட்டினால் 72 கோடுகளுக்கு வேண்டிய வினைலின் அகலம் 43.2 செ.மீ. கடையில் கிடைக்கும் சுருள் 61 செ.மீ. அகலம். அதாவது 1.25 மீட்டர் நீளம் வாங்கினால் மாடி முழுவதற்கும் போதும், ஓரமும் மிஞ்சும். கண்ணாடிப் பரப்பில் மூடுவது எட்டில் ஒரு பங்குதான் என்பதால் வெளிச்சமும் பெரிதாகக் குறையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது வினைலின் தரம். பெயர்ப்பலகைக்கு ஒட்டும் மலிவான வகை ஓராண்டு வெயிலில் சுருங்கி, ஓரத்தில் பசைக்கோடு தெரிய நிற்கும். பாலிமெரிக் என்று கேட்டு வாங்குவது நல்லது. காஸ்ட் வினைல் கிடைத்தால் இன்னும் நல்லது. நிறம் வெள்ளை, மேல்பரப்பு மேட். கறுப்பும் அடர்நிறமும் இரண்டு காரணத்தால் வேண்டாம். மரநிழல் பிம்பத்தில் அவை அமுங்கிப்போகும். முழுப் பரப்பையும் மூடும் அடர்நிற ஃபிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியைச் சீரில்லாமல் சூடாக்கும்; டெம்பர் செய்யாத (சூடாக்கி உறுதியாக்காத) கண்ணாடியில் ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடும். பாதிக் கண்ணாடியை மட்டும் அடர்நிறத்தால் மூடுவது இன்னும் ஆபத்து.

ஒட்டிய முறை

வேலைக்கு எடுத்துக்கொண்ட காலம் மாசி. குமரிக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. கோடை மழைக்கு முன் காய்ந்து கிடக்கும் மாதங்களே வெளிப்பூச்சு, வெளிஒட்டு இரண்டுக்கும் ஏற்றவை. பசை முழுப்பிடி பிடிக்கச் சில வாரம் ஆகும். அதற்குள் அடைமழை பிடித்தால் ஓரம் தூக்கும். கிழக்குக் கண்ணாடியைப் பிற்பகலிலும் மேற்குக் கண்ணாடியைக் காலையிலும் ஒட்ட வேண்டும். கை வைத்தால் சுடுகிற கண்ணாடியில் ஒட்டவே கூடாது.

ரிஃப்ளெக்டிவ் பூச்சு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பென்சில் முனையைக் கண்ணாடியில் தொட்டுப் பிடித்தால் பிம்பத்தின் முனை அதைத் தொடுகிறதா, நடுவில் சிறு இடைவெளி இருக்கிறதா என்று தெரியும். முனையும் முனையும் ஒட்டி நின்றால் பூச்சு நம் பக்கம். கண்ணாடித் தடிப்பளவு இடைவெளி தெரிந்தால் பூச்சு மறுபக்கம். இந்த வீட்டில் பூச்சு வெளியில் இருந்தது. அப்படியானால் சிமெண்ட் துளி, பழைய பெயிண்ட் எதையும் பிளேடால் சுரண்டக் கூடாது; பூச்சில் விழும் கீறல் போகவே போகாது. சோப்பு நீரில் ஊறவைத்துத் துணியால் எடுக்க வேண்டும்.

கழுவுவதில்தான் பாதி வேலை. முதலில் தண்ணீர், பிறகு ஒரு லிட்டருக்கு நான்கைந்து சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு மறுபடி நல்ல தண்ணீர், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த, நூல் விடாத துணி. மணவாளக்குறிச்சி, குளச்சல், முட்டம் என்று கடற்கரை ஓர வீடுகளில் நல்ல தண்ணீர்க் கழுவலை இரண்டு முறை செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் மிஞ்சினால் பசைக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் பென்சிலால் 5 செ.மீ. குறிகள். ஒருவர் மேல்முனையைக் குறியில் வைத்துப் பிடிக்க, மற்றவர் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தபடி கீழ்க்குறிக்கு இறக்குவார். இழுத்து ஒட்டக் கூடாது. இழுபட்ட வினைல் இரண்டு நாளில் பழைய நீளத்துக்குச் சுருங்கி முனையில் விடுபடும். பிறகு துணி சுற்றிய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் அழுத்தித் தேய்ப்பு. 6 மி.மீ. கோட்டுக்குச் சோப்பு நீர் வேண்டாம், உலர்வாகவே ஒட்டலாம். காற்று பக்கவாட்டில் வெளியேறிவிடும். அகலமான ஃபிலிமுக்குத்தான் ஈர ஒட்டு தேவை. சட்டத்தின் ரப்பரையோ சிலிக்கானையோ கோடு தொடக் கூடாது, 3 மி.மீ. முன்னாலேயே நிறுத்த வேண்டும்.

மாடியில் வெளியே தொங்கிக்கொண்டு ஒட்டும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை. மரக்கதவுகளின் கீல் திருகைக் கழற்றி, கதவை மேசையில் கிடத்தி ஒட்டி, மறுபடி மாட்டினார்கள். படுத்த கண்ணாடியில் ஒட்டும் கோடு நேராகவும் வரும். பெரிய கண்ணாடிக்கு மட்டும் சாரம் கட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் முறையிலும் கெட்டவை இரண்டு. முதல் நாள் கழுவ எடுத்தது போர்வெல் தண்ணீர். காய்ந்தபின் சுண்ணாம்புப் புள்ளிகள் எழும்பி, அவற்றின்மேல் ஒட்டிய ஏழு கோடுகள் பொரிப்பொரியாகத் தெரிந்தன. அவற்றை உரித்துவிட்டு, வடிகட்டிய தண்ணீரில் கழுவி மறுபடி ஒட்ட வேண்டி வந்தது. இரண்டாவது, கீழ்ச்சட்டத்தின் சிலிக்கானைத் தொட்ட மூன்று கோடுகளின் முனை ஆடிச் சாரலில் சுருண்டது. சிலிக்கான் ஓரத்தில் நிற்கும் நீர் பசைக்கு அடியில் ஏறிவிட்டது. முனையை 3 மி.மீ. வெட்டி எடுத்ததும் சரியாயிற்று.

முன்னறைக்குப் புள்ளிக் கோலம்

அலங்காரம் வேண்டும் என்ற ஆசையை வீட்டார் விடவில்லை. விடத் தேவையும் இல்லை. புள்ளிக் கோலம் என்பதே சம இடைவெளியில் புள்ளி வைப்பதுதானே. 90 × 120 செ.மீ. கண்ணாடியில் 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி என்றால் 18 × 24, அதாவது 432 புள்ளிகள். அவற்றைச் சுற்றி 5 மி.மீ. கோட்டில் சிக்குக் கோலம். பறவைக்கு வேண்டிய கட்டமும் வந்துவிட்டது, முன்னறைக்கு அழகும் வந்துவிட்டது. இலைக்கொடி ஃபிலிமில் இலைக்கும் இலைக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் வெறுமை இருந்தது; கோலத்தில் அது எங்கும் இல்லை.

இது கையால் வெட்டும் வேலையல்ல. கடையில் பிளாட்டர் எந்திரத்தில் வெட்டி, வேண்டாத பகுதியை ஊசியால் எடுத்து, வெட்டிய வடிவத்தை அப்படியே தூக்கி ஒட்ட உதவும் டிரான்ஸ்ஃபர் டேப் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். சுருளின் அகலம் 61 செ.மீ. என்பதால் ஒரு ஜன்னலுக்கு 45 செ.மீ. துண்டுகள் இரண்டு. இணைப்பு இரண்டு புள்ளி வரிசைக்கு நடுவே வரும்படி பிரிக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் கோட்டில் கண் போய் நிற்கும். கோட்டை 3 மி.மீ.க்குக் கீழே வைத்தால் ஊசியால் எடுக்கும்போது அறுந்துவிடும். மூலையின் இரண்டு கண்ணாடிக்கும் ஒட்டியாக வேண்டும்: ஒன்றை மறைத்தால் ஊடுருவும் வழி அடைபடும், ஆனால் மற்றதன் பிம்பம் அப்படியே இருக்கும்.

வெளியிலிருந்து முழுமையாக மறைத்தும் உள்ளிருந்து வெளியே தெரிந்தும் இருக்க வேண்டும் என்பவர்களுக்குப் பேருந்துக் கண்ணாடியில் விளம்பரம் ஒட்டப் பயன்படும் துளையிட்ட ஒன்வே விஷன் வினைல் நல்ல தேர்வு. நாகர்கோவில், மார்த்தாண்டம் ஃபிளெக்ஸ் அச்சகங்களில் கேட்டால் கிடைக்கும், விரும்பிய படமும் அச்சிடலாம். மழையில் துளைகளில் நீர் நின்று சற்று நேரம் பார்வை மங்கும். கடற்கரையில் தூசியும் உப்பும் அடைத்துக்கொள்ளும்.

சமையலறைக்கு ஃபிலிமே தேவைப்படவில்லை. வெளிக் கிரிலில் கொசுவலையை இழுத்துக் கட்டியதே போதும். வலை கண்ணாடிக்கு வெளியே இருப்பதால் பிம்பமும் மங்கும், மோதினாலும் அடி படாது. கிரில் இல்லாத இடத்தில் 10 செ.மீ.க்கு ஒரு கயிறு தொங்கவிடுவதும் நன்கு பலன் தரும் முறை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் மட்டும் கீழ்முனையையும் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் சிக்காகிவிடும்.

மோதல் வேறு, கொத்தல் வேறு

இந்த வீட்டில் இன்னொரு தொல்லையும் இருந்தது. மேற்குக் கதவிலும் கார் கண்ணாடியிலும் ஒரு ஆண் தேன்சிட்டு மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருந்தது. இது வழி தெரியாமல் வந்து மோதுவதல்ல. கூடு கட்டும் காலத்தில் தன் பிம்பத்தையே எதிரி என்று எண்ணிச் சண்டையிடுவது. குண்டுகரிச்சானும் கொண்டைக்குருவியும் இப்படிச் செய்யும். உயிர் போவது அரிது, ஆனால் பறவை களைத்துப்போகும். 5 செ.மீ. கோடு போட்டாலும் நடுவிலுள்ள வெறுமையில் முகம் தெரிவதால் கொத்தல் முழுவதும் நிற்காது. அந்தச் சில வாரத்துக்கு வெளிப்பக்கம் சோப்பைக் குழைத்துப் பூசலாம், பழைய துணியைத் தொங்கவிடலாம், கார் கண்ணாடிக்கு உறை மாட்டலாம். குஞ்சு பறந்ததும் சண்டை தானே ஓயும்.

தண்ணீர்த் தொட்டியோ பழத்தட்டோ வைப்பவர்கள் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைக்க வேண்டும், அல்லது 10 மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து கிளம்பும் பறவைக்கு வேகம் இராது. நடுத்தர தூரம்தான் கொல்லும். ஆறுமணிக் குருவி வரும் மாதங்களில் மாடிப்படி விளக்கை இரவில் அணைத்துவிட வேண்டும்.

அடிபட்டு விழுந்த பறவையைக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மயங்கிய பறவைக்கு அது மூச்சுக்குழாயில் போகும். காற்றுத்துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, பூனை எட்டாத, சந்தடியில்லாத நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. பிறகு மரத்தடியில் திறந்துவிட்டால் பறந்துவிடும். பறக்காவிட்டாலும், இறக்கை தொங்கினாலும் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

கீழே உடல் கிடக்கவில்லை என்பதால் மோதல் நின்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. காக்கை, கீரி, பூனை எல்லாம் விடியும் முன்பே எடுத்துப் போய்விடும். அதனால் இந்த வீட்டில் கணக்கு வைப்பது கண்ணாடித் தடத்தை வைத்து: வாரம் ஒருமுறை காலைச் சாய்வெயிலில் பார்த்து, தடம் இருந்தால் தேதி, கண்ணாடி, தரையிலிருந்து உயரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் துடைத்துவிடுவது. கோடு ஒட்டியபின் புரட்டாசி முதல் பங்குனி வரை குறிப்பேட்டில் மாடிப்படிக் கண்ணாடிக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. முன்னறை மூலையில் ஒரே ஒரு தடம், மேல்விளிம்பில். இணைப்புச் சரியாக வரவில்லை என்று மேல்வரிசைப் புள்ளிகளை உரித்த இடத்தில், அந்த வெறுமைக்கு நேராக. அந்த 18 புள்ளிகளையும் அடுத்த வாரமே திரும்ப ஒட்டிவிட்டார்கள்.